முந்நூற்றுப் பதினாறு பக்கங்கள் வீடு மாறிய கதை

தண்ணீர் மோட்டார் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் மனிதர்கள் இரண்டே வகை: மோட்டாரைப் பற்றித் தெரிந்தவர்கள், கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறவர்கள். ஒருவரே இரண்டாகவும் இருக்கும் விபத்து அங்கே நடந்ததாகப் பதிவு இல்லை. மோட்டார் அக்கா முதல் வகை. சர்வீஸ் பிரிவில் போன் எடுக்கும் வேலை. இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டின அறை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பாதியாக அறுத்து வைத்த மோட்டார் ஒன்று சுவரோரம் நிற்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. தண்ணீரை மேலே ஏற்றுவதற்கென்றே பிறந்த கம்பெனியால் அந்த ஒரு சொட்டைக் கீழே இறங்காமல் தடுக்க முடியவில்லை.

அவளுடைய பதவியின் பெயர் தற்காலிக உதவியாளர். பதினொரு வருடமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓர் உத்தரவு வரும்; அதன்படி அவள் இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாக இருந்துகொள்ளலாம். அவளுக்குப் பிறகு நிரந்தரமாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். தற்காலிகம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் அல்ல, தொண்டை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் கூப்பிட்டு "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்பார்கள். நாற்பது பேருக்கும் ஒரே பதில். நாற்பதாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொல்ல வேண்டும். முதல் வருடத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாயைத் திறக்காமல் சம்பளம் வாங்கும் சலுகை மேலதிகாரிகளுக்கு மட்டுமே உண்டு என்பதால், அவள் பேச வேண்டியதை எல்லாம் கீபோர்டில் அடித்து, கம்பெனியின் வெப்சைட்டில் ஒரு மூலையில் போடச் சொன்னாள். முதல் பக்கத்தின் தலைப்பு: "மோட்டார் ஓடுது, தண்ணி வரல."

அதற்கப்புறம் கை நிற்கவில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு." "சத்தம் மட்டும் வருது." "தொட்டா ஷாக் அடிக்குது, தொடலேன்னா ஓடல." "மச்சான் ரிப்பேர் பண்ணினதுக்கு அப்புறம் ஓடல." இந்தக் கடைசிப் பக்கம்தான் எல்லாவற்றையும்விட அதிகம் படிக்கப்பட்டது. மச்சான்கள் தொடாத வீடு உலகத்தில் குறைவு போலிருக்கிறது.

பதினொரு வருடத்தில் முந்நூற்றுப் பதினாறு பக்கங்கள். ஒவ்வொரு தலைப்பும் போனில் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்தது, அப்படியே. மோட்டார் கெட்டுப்போனவன் தேடும்போதும் அதே வார்த்தையைத்தான் அடிப்பான். அடித்தால் அக்காவின் பக்கம் முதலாவதாக வந்து நிற்கும். தேடுபொறிக்குப் பதவி தெரியாது, சம்பள விகிதம் தெரியாது. கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பார்க்கும். அந்த ஒரு குறை இல்லாவிட்டால் அதுவும் நல்ல அதிகாரியாக வந்திருக்கும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி விழுங்கியது. மின்விசிறி, அடுப்பு, விளக்கு, இப்போது மோட்டார். பெரிய கம்பெனிக்கு ஒரே வெப்சைட், ஒரே முகவரி. பழைய முகவரி போக வேண்டியதுதான். அதை நடத்திக்கொடுக்க டிஜிட்டல் தலைவர் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே அவர் யோசிப்பதை எல்லாரும் பார்க்கலாம்.

வந்த இரண்டாம் வாரம் அக்காவைக் கூட்டத்துக்கு அழைத்தார். பதினொரு வருடத்தில் முதல் அழைப்பு. போனவுடனே தெரிந்துவிட்டது, இது விருந்துக்கு ஆட்டை அழைப்பது மாதிரி.

"மேடம், உங்க பக்கமெல்லாம் பாத்தேன்" என்றார் அவர். "ரொம்ப இதயபூர்வமா இருக்கு."

"எதைப் பாத்தீங்க சார்?"

"மொத்தமா."

"மொத்தமா பாத்தா ஒண்ணும் தெரியாதே சார். எந்தப் பக்கம்?"

டிஜிட்டல் தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு திட்டத்தைச் சொன்னார். முந்நூற்றுப் பதினாறு பக்கம் ஜாஸ்தி. பன்னிரண்டு போதும். 'நீர்மேலாண்மை அனுபவம்', 'உங்கள் இல்லத்தின் ஓட்டம்' என்று அழகான தலைப்புகளோடு புதிதாக எழுதுவார்கள். பழைய முகவரிக்கு வருகிறவர்களை எல்லாம் புது வெப்சைட்டின் முகப்புக்கு அனுப்பிவிடலாம். ஒரே வரி. வேலை முடிந்தது.

"முகப்புல என்ன சார் இருக்கும்?"

"ஒரு குடும்பம் சிரிச்சிட்டு இருக்கும்."

"தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லாம தேடி வந்தவனுக்கு, சிரிக்கற குடும்பத்தைக் காட்டப் போறீங்க."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் நோட்டுகளில் அவசரமாக எதையோ எழுதினார்கள். அக்கா விடவில்லை. "நான் மாட்டேன் சார். பக்கம் போறதா இருந்தா முந்நூத்திப் பதினாறும் போகணும். ஒவ்வொரு பழைய பக்கத்துக்கு வர்ற ஆளும் அதே புதுப் பக்கத்துலதான் போய் நிக்கணும். இல்லேன்னா பதினோரு வருஷமா சேர்த்த இடம் பதினோரு நாள்ல போயிடும். தேடுபொறி சும்மா ஒண்ணும் எனக்கு முதல் இடம் குடுக்கல."

"நீங்க மாட்டேன்னு சொல்ற நிலைமையில இருக்கீங்களா மேடம்?" என்று அவர் கேட்டது மிரட்டலாக இல்லை, தகவல் கேட்பது போலத்தான் இருந்தது.

"தற்காலிக ஆள் சார் நான். எனக்கு என்ன நிலைமை இருக்கு, அதுல நிக்கறதுக்கு?"

அந்த மேசையில் இதுபோல யாரும் பேசிப் பழக்கமில்லை. கணக்குத் துறைத் தலைவர் இருமினார். சட்டத் துறைத் தலைவர், ஒரு நடுத்தர வயது அம்மாள், சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையைத் தேடினார். டிஜிட்டல் தலைவர் கடைசியில் தன் பெருந்தன்மையைக் காட்டினார். சரி, பக்கங்கள் அப்படியே போகட்டும், ஒரு எழுத்தும் மாற வேண்டாம். மூன்று மாதம் பார்ப்போம். மூன்று மாதம் கழித்துப் பழைய அளவுக்கு ஆட்கள் வரவில்லை என்றால் உதவிப் பக்கங்களும் இருக்காது, சர்வீஸ் பிரிவும் இருக்காது. போன் எடுக்கும் வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிடலாம். அக்காவின் ஆறு மாத உத்தரவும் சரியாக அப்போதுதான் முடிகிறது. நாட்களை எண்ணுவதில் டிஜிட்டல் தலைவர் மிகவும் துல்லியமானவர்.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள் அக்கா.

எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டில் கணவர் இதைக் கேட்டுவிட்டுக் கத்திரிக்காயை நறுக்குவதை நிறுத்தினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையையும் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒன்றாகவே பார்ப்பவர்.

"மேனேஜரம்மா, இதுல உனக்கு என்ன லாபம்? ஜெயிச்சா மறுபடி ஆறு மாசம் தற்காலிகம். தோத்தா வீடு. ரெண்டுத்துக்கும் நடுவுல இப்படி ஒரு சண்டை."

"லாபத்துக்கா பண்றேன்? என் பக்கம்ங்க அது."

"அதுல உன் பேரே இல்லையே."

"பேரு இல்லேன்னா என்ன? தண்ணி வந்துதா இல்லையா?"

அவர் மறுபடி கத்திரிக்காயை எடுத்துக்கொண்டார். இந்தக் குரல் அவருக்குத் தெரியும். கல்யாணத்தின்போது ஒரு தடவை கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன இரண்டு குடும்பமும் கடைசியில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டன.

இடமாற்ற வேலை மூன்று வாரம் நடந்தது. அக்கா ஓர் அட்டவணை போட்டாள். இடது பக்கம் பழைய முகவரி, வலது பக்கம் புது முகவரி. முந்நூற்றுப் பதினாறு வரிசை. ஒவ்வொரு வரிசையையும் தானே திறந்து பார்த்தாள். பக்கங்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் லிங்க்குகளும் பழைய முகவரியில்தான் இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். படங்களின் முகவரியையும் விடவில்லை. பிளம்பர்கள் சங்கத்தின் வெப்சைட் அவளுடைய நாற்பது பக்கங்களுக்கு லிங்க் கொடுத்திருந்தது. சங்கத்துச் செயலாளருக்குப் போன் போட்டு, முகவரி மாறுகிறது, நீங்களும் மாற்றிவிடுங்கள் என்று சொன்னாள். அவர் "உங்களுக்கு இல்லாததா அக்கா" என்று அன்று சாயங்காலமே மாற்றினார். கம்பெனிக்குள் அப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதே இல்லை.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பெரிய கம்பெனியின் ஆள். நாற்பது வயது, நல்ல மனிதர், விதிமுறை என்றால் உயிர். அட்டவணையை வாங்கிப் பார்த்துக் கண் கலங்காத குறை. "அக்கா, இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு லிஸ்ட்டை யாரும் எனக்குக் குடுத்ததில்ல. ஒரு பழைய பக்கம், ஒரு புதுப் பக்கம். நான் அப்படியே ஏத்திடறேன்."

ஏற்றினார். ஒரு திங்கட்கிழமை காலையில் பழைய முகவரியில் எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் அதே பக்கம் புது வீட்டில் திறந்தது. அக்கா முந்நூற்றுப் பதினாறையும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரி. சர்வர்காரர் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் வாரம் சரிவு ஆரம்பித்தது. முதலிடத்தில் இருந்தவை மூன்றாம் இடம். நாலாம் வாரம், தேடல் முடிவுகளின் இரண்டாவது திரை. ஐந்தாம் வாரம் "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று அடித்தால், வாஸ்துப்படி மோட்டாரை எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று சொல்லும் ஒருவரின் பக்கம் மேலே வந்தது. போன் அலறத் தொடங்கியது. நாளைக்கு இருபது என்று குறைந்திருந்த அழைப்புகள் நூற்றைம்பதாயின. பதில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் எல்லாரும் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போனுக்கே வந்துவிட்டார்கள்.

டிஜிட்டல் தலைவர் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். துக்க வீட்டுக்குள் நுழைகிறவரின் முகம், வெளியே வருகிறவரின் நடை.

"நான் அப்பவே சொன்னேன் மேடம். பழைய எழுத்து. புது வீட்டுல எடுபடல."

"இன்னும் ஏழு வாரம் இருக்கு சார்."

"எதுக்கு?"

"உங்க வாக்கியத்தை நீங்க மாத்திச் சொல்றதுக்கு."

சொல்லிவிட்டாள். ஆனால் அறைக்கு வந்து பாதிகூட நிறையாத வாளியை எடுத்துப்போய்க் கொட்டினாள். அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தில் பாதி பயம்.

பிறகு அவள், மோட்டார் நின்றால் என்ன செய்யச் சொல்லுவாளோ, அதைச் செய்தாள். முதலில் கரண்ட் வருகிறதா. பக்கங்கள் திறக்கின்றனவா: திறக்கின்றன. தேடுபொறி உள்ளே வரக் கூடாது என்று எங்காவது போர்டு மாட்டியிருக்கிறதா: இல்லை. லிங்க்குகள்: சரி. எழுத்து: அதே எழுத்து. அப்படியென்றால், ஓட்டைக் குழாய் மாதிரி, வழியில்தான் எங்கோ காற்று இழுக்கிறது. பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தத் திருப்பிவிடும் வரிகளைப் பார்க்க வேண்டும். அதற்குச் சர்வர்காரரின் அறைக்குப் போனாள்.

அவர் பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினார். முந்நூற்றுப் பதினாறு வரி. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரே சொல்: தற்காலிகம்.

"இது என்னங்க?"

"அதுவா அக்கா, திருப்பிவிடறதுல ரெண்டு வகை. நிரந்தரமா மாறிட்டோம்னு சொல்றது ஒண்ணு. கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போங்க, நாங்க திரும்பி வந்துடுவோம்னு சொல்றது ஒண்ணு. நான் ரெண்டாவது போட்டிருக்கேன்."

"நாம திரும்பி வரப் போறதில்லையே."

"வரப் போறதில்ல."

"அப்புறம் ஏன்?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து பெரிய கம்பெனியின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார், அதைத் தொடும்போது குரல் தானாகத் தணிந்தது. திரும்பப் பெற முடியாத எந்த மாற்றத்துக்கும் மூன்று துறைத் தலைவர்களின் கையெழுத்து வேண்டும்: டிஜிட்டல், கணக்கு, சட்டம். தற்காலிக ஏற்பாடு என்றால் அந்தந்தப் பிரிவு ஊழியரே செய்துகொள்ளலாம், ஒரு வாரத்துக்கு மட்டும், தேவையானால் புதுப்பித்துக்கொள்ளலாம். "கையெழுத்துக்கு ஃபார்ம் அனுப்பினேன் அக்கா. டிஜிட்டல் சார் மேசையில அஞ்சு வாரமா இருக்கு. அடுத்த காலாண்டுக் குழுவுல வைக்கறேன்னாரு. அதுக்காக உங்க வேலை நிக்கக் கூடாதே. நான்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முந்நூத்திப் பதினாறையும் புதுப்பிச்சிட்டு வர்றேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல."

அவர் பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு அவரை அறையவும் தோன்றியது, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும் தோன்றியது.

விஷயம் இவ்வளவுதான். தேடுபொறி வாரா வாரம் வந்து பழைய வீட்டைத் தட்டியிருக்கிறது. 'கொஞ்ச நாளைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம், திரும்பி வந்துவிடுவோம்' என்று ஒரு சீட்டு. சரி, வரும்போது வரட்டும் என்று அது புது வீட்டைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வீட்டிலும் ஆளில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தை அடுத்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பதினொரு வருடம் தற்காலிகமாக இருந்தவளின் பக்கங்களும் அவளைப் போலவே வாராவாரம் நீட்டிப்பு வாங்கிக்கொண்டு நின்றன.

நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள். டிஜிட்டல் தலைவர் ஃபார்மைக் கையில் எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார்.

"நிரந்தரம்ங்கறது பெரிய வார்த்தை மேடம். குழுவுல விவாதிக்கணும்."

"குழு எப்ப சார்?"

"எட்டு வாரம் கழிச்சு."

"எனக்கு ஏழு வாரம்தான் இருக்கு."

"அது விதி மேடம்" என்றார் அவர். எந்த விதி என்று சொல்லவில்லை.

அக்கா தன் அறைக்குத் திரும்பினாள். போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. வரும்போது சர்வர்காரரிடம் இரவல் வாங்கிவந்த விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்து, அந்த ஒரு பத்தியை நாலு தடவை படித்தாள். 'தற்காலிக ஏற்பாடுகளை அந்தந்தப் பிரிவு ஊழியரே செய்துகொள்ளலாம்.' சர்வீஸ் பிரிவில் ஊழியர் என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, சர்வீஸ் பிரிவுக்கு வரும் அழைப்புகளை மூன்றாகப் பிரித்து, டிஜிட்டல், கணக்கு, சட்டம் என்று மூன்று தலைவர்களின் மேசைப் போனுக்குத் திருப்பிவிட்டாள். ஒரு வாரத்துக்கு. விதிப்படி.

ஒன்பதே காலுக்குச் சட்டத் துறைத் தலைவர் போனை எடுத்தார். எதிர்முனையில் ஒரு பாட்டி, தன் மோட்டார் சுற்றும் திசையைக் கையால் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள், போனில். சட்டத் துறைத் தலைவர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "அம்மா, இதுக்கு நீங்க வழக்குப் போடலாம்" என்றார். அவருக்குத் தெரிந்த உதவி அதுதான். டிஜிட்டல் தலைவரை முதலில் பிடித்தது ஒரு லாட்ஜ் முதலாளி.

"மோட்டார் ஓடுது, தண்ணி வரல."

"உங்க அனுபவம் எங்களுக்கு முக்கியம் சார்."

"எனக்குத் தண்ணி முக்கியம். முப்பது ரூம். எல்லாரும் சோப்புப் போட்டுட்டு நிக்கறாங்க."

"எங்க வெப்சைட்டைப் பாருங்களேன்."

"பாத்தேன். நாலு பேரு சிரிக்கறாங்க. எதுக்குய்யா சிரிக்கறாங்க?"

பதினொன்றரைக்கு டிஜிட்டல் தலைவர் இரண்டாவது மாடிக்கு வந்தார். முதல் தடவை. வாளியில் கால் பட்டுத் தண்ணீர் தெறித்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? உடனே மாத்துங்க."

"தற்காலிக ஏற்பாடு சார். ஒரு வாரம்தான்."

"ஒரு வாரமா?"

"தேவைப்பட்டா புதுப்பிச்சுக்கலாம்னு போட்டிருக்கு. பக்கம் இருபத்தி ரெண்டு."

"உங்களுக்குப் போன் எடுக்கத்தான் சம்பளம்."

"நூத்தைம்பது போனை எடுக்கற அளவுக்கு எனக்குத் தொண்டை இல்ல சார். இந்த நூத்தைம்பது பேருக்கும் பதில் எழுதி வெச்சிருக்கேன். அதுக்குப் போற வழிய நீங்க மேசைக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கீங்க. வழி தெரியாதவங்க, பூட்டினவங்ககிட்டயே வந்து கேக்கறதுதானே முறை?"

"இதுக்கெல்லாம் நடவடிக்கை எடுக்க முடியும். தெரியுமா?"

"எடுங்க. என்னை நிரந்தரமா நீக்கணும்னா மூணு கையெழுத்து வேணும். அந்த ஃபார்மையும் சேர்த்து ஒரே நாள்ல போட்டுடுங்க. என் பக்கம் பொழைச்சுக்கும்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அவளும் பார்த்தாள். அறுத்து வைத்த மோட்டார் இருவரையும் பார்த்தது.

அன்று மாலையே சட்டத் துறைத் தலைவர் அக்காவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு டிஜிட்டல் தலைவரின் அறைக்குப் போய், ஃபார்ம் எங்கே என்று கேட்டு வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கணக்குத் துறைத் தலைவர் இரண்டு நாள் தாக்குப் பிடித்தார். அவர் கூச்சமுள்ள மனிதர், எதிர்முனையில் இருப்பவர் பேச்சை வெட்டத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போட்டார். டிஜிட்டல் தலைவர் நாலாம் நாள் போட்டார், அந்த லாட்ஜ் முதலாளி ஒன்பதாவது முறை கூப்பிட்ட பிறகு. அந்தக் கையெழுத்தில் கடைசி எழுத்து காகிதத்தைக் கிழித்திருந்தது.

சர்வர்காரர் ஒரே மணி நேரத்தில் முந்நூற்றுப் பதினாறு வரிகளையும் மாற்றினார். நிரந்தரம் என்று அவர் எதற்கும் போட்டதில்லையாம். அக்கா போன்களைத் தன் மேசைக்குத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் காத்திருப்பு. தேடுபொறியை மிரட்ட முடியாது, அதற்குப் போனும் கிடையாது. ஒரு வாரம் அசைவில்லை. கணவர் தினமும் சாப்பாட்டு நேரத்தில் "எத்தனாவது மாடி?" என்று கேட்பார். "அதே மாடி" என்பாள். இரண்டாம் வாரம், "ஒரு மாடி ஏறிச்சு." மூன்றாம் வாரம் ஒன்று ஏறி இரண்டு இறங்கியது, அன்று அவள் சாப்பிடவில்லை. "புது வயர்ல அப்படித்தான் ஆடும், நிதானத்துக்கு வரும்" என்றார் அவர். அவருக்குத் தேடுபொறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அவள் எழுந்துபோய்த் தட்டை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம் "மச்சான் ரிப்பேர் பண்ணினதுக்கு அப்புறம் ஓடல" முதலிடத்துக்கு வந்தது. அதைப் பின்பற்றி மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. வாஸ்துக்காரர் கீழே போனார். மூன்றாவது மாத முடிவில் கணக்கெடுத்தபோது, பழைய முகவரியில் வந்துகொண்டிருந்தவர்களைவிட இருநூறு பேர் கூடுதல். முந்நூற்றுப் பதினாறில் நாலு பக்கங்கள் மட்டும் கடைசிவரை திரும்பவில்லை. அந்த நாலையும் அவள் ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டாள். விட்டுவிடுகிற உத்தேசம் இல்லை.

மூன்று மாதக் கூட்டம் கூடியது. டிஜிட்டல் தலைவர் ஒரு படம் காட்டினார்: ஒரு கோடு கீழே போய் மேலே வந்தது. கீழே போன பகுதிக்கு 'திட்டமிட்ட மாற்றக் கட்டம்' என்று பெயர் வைத்திருந்தார். மேலே வந்த பகுதிக்குத் தன் பெயரை வைக்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி. எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

"அடுத்த கட்டமா," என்றார் அவர், "இவ்வளவு பேர் வர்ற பக்கம், கொஞ்சம் கௌரவமான மொழியில இருக்கணும். தலைப்பெல்லாம் மாத்திடலாம்."

"எழுதிக் குடுத்திருக்கீங்க சார். ஒரு எழுத்தும் மாறாதுன்னு."

"அது மூணு மாசத்துக்கு."

"அப்படி எழுதல" என்றார் சட்டத் துறைத் தலைவர், தன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நான் படிச்சேன்."

"பழைய முகவரியாவது இனிமே எதுக்கு? விட்டுடலாமே."

"விட்டா வேற எவனாவது எடுத்துக்குவான். அந்த முந்நூத்திப் பதினாறு கதவும் அவன் வீட்டுக்குத் திறக்கும்" என்றாள் அக்கா. "அது இருக்கணும். வருஷா வருஷம்."

கணக்குத் துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "இருக்கட்டும்" என்றார். பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "மேடம், அந்த நாலு நாள்ல ஒருத்தர் கூப்பிட்டாரு. சலூன் வெச்சிருக்காராம். குழாயைத் திறந்தா ஓடி, மூடினா நிக்கற மோட்டார். அவரு குழாயைத் தொடறதே இல்ல, மோட்டார் தானா ஓடுது, அரை நிமிஷம் ஓடி நின்னுடுது. பக்கத்துக் கடை ஷட்டரைத் தூக்கின நேரத்துல மட்டும். உங்க பக்கத்துல எல்லாம் தேடினேன். இல்ல. எனக்குத் தூக்கம் வரல."

அக்கா எழுந்து அவர் பக்கம் போனாள். தாளை வாங்கிப் படித்தாள். "பக்கத்துக் கடை என்ன கடைன்னு கேட்டீங்களா?"

"பேக்கரி. காலையில வந்ததும் முதல்ல பாத்திரம் கழுவுவாங்களாம்."

"ரெண்டு கடைக்கும் குழாய் சுவத்துக்குள்ள எங்கயோ ஒண்ணா சேர்ந்திருக்கு சார். அவங்க திறக்கறாங்க, இவரு மோட்டார் ஓடுது. இவ்வளவு நாளா பேக்கரிக்கு இவரு தண்ணி ஏத்திட்டிருக்காரு." அவள் பேனாவை எடுத்தாள். "இது எழுதணும். இன்னும் எத்தனை பேருக்கு இருக்கோ."

"புதுப் பக்கம்னா ஃபார்ம் வேணும் மேடம்" என்றார் டிஜிட்டல் தலைவர். "மூணு கையெழுத்து."

"குடுங்க."

அவர் எதிர்பார்த்த பதில் அது அல்ல. ஃபார்ம் வந்தது. அக்கா நின்றபடியே நிரப்பினாள். தலைப்பு என்ற இடத்தில், சலூன்காரர் சொன்னதை அப்படியே எழுதினாள்: "நான் தொடவே இல்ல, மோட்டார் தானா ஓடுது." தன்மை என்ற இடத்தில், நிரந்தரம். கணக்குத் துறைத் தலைவர் முதலில் கையெழுத்துப் போட்டார், கொஞ்சம் வெட்கத்தோடு. சட்டத் துறைத் தலைவர் இரண்டாவது. ஃபார்ம் மேசையைச் சுற்றிக்கொண்டு டிஜிட்டல் தலைவர் முன்னால் வந்து நின்றது. அவர் சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை போல. அக்கா தன் பேனாவை நீட்டினாள்.

"உட்காருங்க மேடம், படிச்சுப் பாத்து அனுப்பறேன்."

"படிங்க சார்" என்றாள். நீட்டிய கையை எடுக்கவில்லை.

அவர் படித்தார். பிறகு பேனாவை வாங்கினார். அவர் கடைசி எழுத்தைப் போட்டு முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.